கேட்டுவிட்டுத்தான் அழிப்பார்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு நான் மீன் கழுவப் போவேன். ஒரு கிலோ சாளையைச் செதில் போக்கி, தலை கிள்ளி, மூன்று தண்ணீர் மாற்றி அலசி, மஞ்சள் புரட்டி வைத்துவிட்டு வந்து பார்த்தால் திரையில் அந்த மணல்கடிகாரம் அப்போதும் கவிழ்வதும் நிமிர்வதுமாக இருக்கும். மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்த என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் திரையில்தான் வருவார். 'சாப்பிட்டியா' என்று கேட்க வாயைத் திறப்பார். திறந்த வாயோடு அப்படியே நின்றுவிடுவார். நானும் என் மகள் ஷைனியும் அந்த வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பிராட்பேண்ட் எங்கள் பக்கம் வந்த புதிது. தெருவுக்கு நாலு கல்ஃப் வீடு, நாலு வீட்டிலும் இதே கதைதான். மெக்கானிக் என்று யாரைக் கூப்பிட்டாலும் ஒரே வைத்தியம் வைத்திருந்தார்கள். "ஃபார்மட் அடிச்சிரலாம் அக்கா, புதுசு மாதிரி ஆயிரும்." எங்களுக்கு இரண்டு முறை அடித்தார்கள். புதுசு மாதிரிதான் ஆனது. ஷைனியின் பள்ளிக்கூட ஆண்டுவிழாப் படங்களும், நான் ஒற்றை விரலால் பாடுபட்டுத் தட்டி வைத்திருந்த எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தின் பாட்டுகளும் அதோடு போய்ச் சேர்ந்தன. மூன்று வாரத்தில் மணல்கடிகாரம் திரும்பி வந்தது. படங்கள் வரவில்லை.

அப்போதுதான் குலசேகரத்தில் ரப்பர் வியாபாரம் செய்யும் என் பெரியப்பா மகன் அண்ணன், கம்ப்யூட்டர் சரிசெய்கிற ஒரு டீச்சரைப் பற்றிச் சொன்னார். "ஆளு நல்ல ஆளாக்கும். ஆனா அவிய வந்தா ஒனக்கு பொறுமை வேணும் கேட்டியா" என்றார். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி என்பது அண்ணனுக்குத் தெரியும். அதனால்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

டீச்சர் கடியப்பட்டணத்துக்காரர். கூடப் பிறந்த ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் டைப்ரைட்டிங் படித்து, பிறகு அதையே சொல்லிக்கொடுத்து, இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டர்களைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தபோது அதையும் படித்துக்கொண்டவர். நாற்பது வயது இருக்கும், குள்ளமான ஆள். சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, மேலே ஒரு பின்னும் குத்தியிருப்பார். மொபெட்டில் வருவார். தோள்பையில் ஒரு ஸ்குரூ டிரைவர், பெயின்ட் அடிக்கிற பிரஷ், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற அழிரப்பர், கொஞ்சம் பழைய பனியன் துணி. மெக்கானிக்குகள் கொண்டுவருகிற சி.டி. பை இவரிடம் கிடையாது. பார்த்தவுடன் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வந்ததும் சிபியு மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்போமே, அது மாதிரி.

"இதுக்கு மேல இந்தத் துணி என்னத்துக்கு அக்கா?"

"தூசி படாம இருக்கதுக்கு." பூவேலை செய்த அந்தத் துணி நானே தைத்தது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியும் இருந்தது.

"தூசி உள்ள போயாச்சு. மூச்சுதான் வெளிய வரல்ல" என்று துணியை மடித்து என் கையிலேயே தந்தார். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான தூசி இருந்தது. பிரஷ்ஷால் அதை வாரினார். மெமரி என்று விரல் நீளத்துக்கு ஒரு சில்லை உருவியெடுத்து, அதன் விளிம்பில் இருந்த தங்க நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்தார். "கடலுக்க உப்புக்காத்து தங்கத்தையும் விடாது. மாசத்துக்கு ஒருக்கா இப்பிடி தேச்சிக் குடுத்தா பாதி நோவு போயிரும்." திரும்பச் செருகி ஆன் செய்ததும் அது முன்னைவிடச் சீக்கிரமாக எழுந்தது. நான் டீ போடப் போனேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் அப்போதுதான் தொடங்கியது.

"அக்கா, இங்கன வாங்க. 'புது கோப்பு இரண்டு' யாரு வச்சது?"

"எனக்குத் தெரியாது டீச்சர். அழிச்சிருங்க."

"தெரியாதுன்னா எப்பிடி அழிக்கது? தெறந்து பாப்போம்."

திறந்தால் அது நான் எழுதிய ஒரு விடுப்பு விண்ணப்பம். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, இப்படி எழுதிப் பாதியில் விட்டவை நிறைய உண்டு. ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். ஷைனி இறக்கி வைத்திருந்த விளையாட்டுகளுக்கு ஷைனியைக் கூப்பிட்டார். ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு வைரஸ் தடுப்பில் எது வேண்டும் என்று கேட்டார். திரையின் பின்னணியில் இருந்த பெரிய நயாகரா படத்தை எடுக்கலாமா என்று கேட்டார். கம்ப்யூட்டர் எழும்போதே கூட எழுந்து உட்கார்ந்துகொள்கிற பதினொரு புரோகிராம்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வீட்டில் யார் பொறுப்பு என்று கேட்டார். மொத்தம் மூன்று மணி நேரம் ஆனது, என் தலை கிறுகிறுத்தது.

"டீச்சர், ஒரேயடியா ஃபார்மட் அடிச்சா அரை மணி நேரம்தானே?" என்று கேட்டேவிட்டேன்.

"வீட்டுல குப்ப சேந்துட்டுன்னு வீட்டையா இடிப்போம் அக்கா?" என்றார். குரலில் கோபம் இல்லை. டீயை எடுத்துக்கொண்டு வாசல் படிக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டர் இருக்கிற அறையில் அவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

எங்கள் வட்டாரத்தில் அவருக்கு இருந்த நல்ல பேரும் கெட்ட பேரும் இந்த ஒரே குணத்தால்தான். வைத்தவரிடம் கேட்காமல் ஒன்றையும் அழிக்க மாட்டார். வைத்தவர் வெளியூரில் இருந்தால் காத்திருப்பார். முட்டம் லைட்ஹவுஸ் பக்கத்து வீடு ஒன்றில் நடந்ததை அந்த வீட்டு அம்மாவே சந்தையில் வைத்து எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அவருக்கு ஏழு பிள்ளைகள், அதில் ஐந்து பேர் கல்ஃபில். அப்பா இறந்தபோது யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. வர முடியாத பிள்ளைகள் பார்த்து அழுவதற்காக அடக்கத்தை வீடியோ எடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். பிள்ளைகள் ஒவ்வொருவராக லீவில் வந்தபோது, ஆளுக்கொரு காப்பியை வீட்டுக் கம்ப்யூட்டரில் தன் தன் பெயர் போட்டு ஏற்றிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சொத்தில் பாகம் வைத்துக்கொள்வது போலத்தான். உள்ளூரில் இருந்த இருவரும் விடவில்லை. ஒரே அடக்கம், ஏழு காப்பி. கம்ப்யூட்டருக்கு அசையக்கூட இடமில்லை.

"ஏழும் ஒண்ணுதானே மோளே, ஆறத் தூக்கிப் போடு" என்று அந்த அம்மா சொன்னதற்கு டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைவரை பொறுத்து, பிள்ளைகள் போன் செய்யச் செய்ய ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறார். மூத்தவன் பெயரில் உள்ளது போதும் என்று ஐந்து பேர் சொல்லிவிட்டார்கள். பஹ்ரைனில் இருந்த மகள் மட்டும், "எனக்க அப்பா எனக்க பேருலயும் இருக்கட்டு" என்றாளாம். ஐந்தை அழித்து இரண்டை வைத்துவிட்டு வந்தார் டீச்சர். "அந்த ஒரு காப்பிக்கு எவ்வளவு இடம் வந்திரப் போவு" என்றாராம்.

எல்லாக் கதையும் இப்படிச் சிரிப்பில் முடியாது. குலசேகரத்து அண்ணன் வீட்டில் கம்ப்யூட்டர் ஒரு கண்ணாடி அலமாரிக்குள் பூட்டு போட்டு இருந்தது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற வீடு, கரி படியும் என்று பயம். உள்ளே இட்டிலி அவிக்கிற சூடு. அலமாரிக் கதவைக் கழற்றச் சொன்னதில் அண்ணனுக்கு வருத்தமில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் அண்ணன் கழித்துப் போட்ட கோப்புகள் கிடக்கும் குப்பைத்தொட்டியை அவர் ஒருநாளும் காலி செய்ததில்லை. அதில் நூற்றுக்கணக்கில் கிடந்தன. டீச்சர் வழக்கம்போல முதலாவதைத் திறந்து உரக்க வாசித்தார். "அன்புள்ள மகனுக்கு, நீ வேற சபைக்குப் போனதுல அப்பாவுக்குக் கோபம் உண்டும், ஆனா..." அவ்வளவுதான், பாதியில் நின்றது. அடுத்ததும் அப்படியே. மூன்று வருஷமாக மகனோடு பேசாத மனுஷன், எழுதி எழுதிக் கழித்துப் போட்டிருக்கிறார். அடுக்களையிலிருந்து அண்ணன் மனைவி, எங்கள் மைனி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "இத நீங்களா எழுதினிய?" என்று கேட்டாள். அண்ணன் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

டீச்சர் மேற்கொண்டு வாசிக்கவில்லை. தொட்டியையும் காலி செய்யவில்லை. அன்று சாயங்காலம் மைனி மகனுக்குப் போன் போட்டதும், அண்ணன் அதை வாங்கிப் பேசியதும் நடந்தன. ஆனாலும் அண்ணன் பிறகு டீச்சரைக் கூப்பிடவில்லை. "நல்ல ஆளுதான், ஆனா வாசிக்கப்படாதத வாசிச்சிட்டாங்க" என்றார். எனக்கும் அதில் ஒரு கூச்சம் உண்டு. எத்தனை வீட்டின் உள்ளறையை அந்தப் பெண் பார்த்திருப்பார்! ஆனால் ஒரு வீட்டுச் செய்தி இன்னொரு வீட்டுக்கு அவர் வாயால் போனதில்லை. நான் இங்கே சொல்வதெல்லாம் அந்தந்த வீட்டார் சொன்னது.

ஏன் இப்படி என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கடலில் போன அண்ணனின் கடைசிப் படத்தை யாரோ அழித்துவிட்டார்களாம். இல்லை, காதலித்தவனின் கடிதமாம். ஒருநாள் நானே கேட்டேன். டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "கதையொண்ணும் இல்ல அக்கா. மத்தவிய சாமானத் தொடுகதுக்கு முன்ன கேக்கணுமில்லியா? எங்க அம்ம சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான்." எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பெரிய காரணம் இருந்திருந்தால் அவர்மேல் இவ்வளவு பிரியம் வந்திருக்காது என்றுகூடத் தோன்றுகிறது.

இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எல்லோர் கையிலும் போன் வந்தபின் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அலமாரி மேலே ஏறிவிட்டன. தூத்துக்குடிப் பக்கம் தங்கையோடு இருப்பதாகக் கேள்வி. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். எங்கள் வீட்டுக்கு அவர் கடைசியாக வந்தது ஷைனியின் நிச்சயத்துக்கு.

பையன் நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நல்ல குடும்பம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தாயிற்று, பேசியும் ஆயிற்று. ஷைனி அப்போது எம்.எஸ்சி. முதல் வருஷம். மே மாதம் கல்யாணம் என்று அவர்கள் சொன்னார்கள், நானும் சரி என்றேன். படிப்பை அப்புறம் முடிக்கலாம், முடிக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது என்பது என் எண்ணம். நல்ல சம்பந்தம் கைநழுவிப் போய்விடக் கூடாது என்ற ஒரே பயம்தான் எனக்கு. மாப்பிள்ளை வீட்டார் வந்து வாக்கு வாங்கிப் போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. "கண்ணால பாக்காம நான் வாக்கு சொல்ல மாட்டேன்" என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். வெப்கேம்தான் ஒரே வழி. ஆனால் கம்ப்யூட்டர் மறுபடியும் மணல்கடிகாரத்துக்குப் போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நடுவில் அவர் திறந்த வாயோடு நின்றுவிட்டால் என்ன செய்வது? வெள்ளிக்கிழமை காலையில் டீச்சருக்குப் போன் போட்டேன்.

தூசியும் துடைத்தாயிற்று, பற்களும் தேய்த்தாயிற்று. பிறகு டீச்சர் திரை முன் உட்கார்ந்து தேடினார்.

"'மேத்ஸ் நோட்ஸ்' யாருக்கது? வட்டுல பாதி இடம் இதுதான் பிடிச்சிருக்கு. இம்புட்டு கணக்கா?"

ஷைனி ஓடி வந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் வேறு ஏதோ என்று பயந்துவிட்டேன். திறந்தால் உள்ளே முழுக்க அவள் அப்பா. இரண்டு வருஷத்து வெள்ளிக்கிழமைகளை யாருக்கும் தெரியாமல் பதிவு செய்து வைத்திருக்கிறாள். அதற்கென்று ஒரு இலவச புரோகிராமும் இறக்கியிருக்கிறாள். கம்ப்யூட்டர் எழும்போதே அதுவும் எழுந்து மூச்சை அமுக்கிக்கொண்டிருந்தது.

"அழிச்சிருங்க டீச்சர். மனுசன் உயிரோட இருக்கும்போ இது என்னத்துக்கு?" என்றேன்.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. "மோளே, நீ சொல்லு" என்றார்.

ஷைனிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அம்மா அடுக்களைக்குப் போனதுக்குப் பொறவு அப்பா எனக்கிட்ட தனியா பேசுகதெல்லாம் இதுலதான் இருக்கு. எம்.எஸ்சி. முடிக்கணும் மக்கா, அப்பாவால படிக்க முடியல்லன்னு சொன்னதும் இதுலதான் இருக்கு."

நான் அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு, சாளைக்குப் புளி கரைக்கப் போனேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பெரிதாக இருந்தது.

டீச்சரும் ஷைனியும் உட்கார்ந்து அத்தனையையும் சி.டி.யில் ஏற்றினார்கள். வெள்ளியும் சனியுமாக இருபத்தாறு சி.டி. டீச்சர் ஒவ்வொன்றின் மேலும் ஸ்கெட்ச் பேனாவால் மாதம் எழுதினார். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, ஷைனி சரி என்ற பிறகு, அழிக்கிற பொத்தானை அவளையே அமுக்கச் சொன்னார். சிதறிக் கிடந்த கோப்புகளைக் கம்ப்யூட்டரே வரிசைப்படுத்தட்டும் என்று விட்டுவிட்டு எங்களோடு சோறு தின்றார். சனிக்கிழமை சாயங்காலம் ஆன் செய்தபோது, நான் அடுக்களை வாசலைத் தாண்டுவதற்குள் கம்ப்யூட்டர் எழுந்து நின்றது. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் பதினைந்து பேர் வந்தார்கள். முன்னறையில் இருந்தது ஒரே டேபிள் ஃபேன். டீச்சர் சிபியுவின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா தோள்துண்டால் விசிறிக்கொண்டு அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் திரையில் என் வீட்டுக்காரர் சலவைச் சட்டையோடு தெளிவாக வந்தார், எல்லோருக்கும் கும்பிடு போட்டார், கை நடுவில் நிற்காமல் கீழே இறங்கியது.

போதகர் ஜெபம் செய்துவிட்டுத் திரையைப் பார்த்துக் கேட்டார். "பெண்ணுக்குத் தகப்பனாரே, இந்தச் சம்பந்தத்தில் உங்களுக்குச் சம்மதமா?"

சத்தம் அங்கே போய்த் திரும்ப இரண்டு மூன்று நொடி பிடிக்கும்.

"என்ன, யோசிக்காரா?" என்றார் பெரியப்பா.

"யோசிக்கல்ல அண்ணா. வந்துட்டு இருக்கு" என்றார் ஃபேனைப் பிடித்துக்கொண்டிருந்த டீச்சர்.

"எனக்கு பூரண சம்மதமாக்கும்" என்று வந்து சேர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. போதகர் முடிவு ஜெபத்துக்கு எழுந்தார்.

"பிள்ளைக்கிட்ட கேட்டாச்சா?"

டீச்சர்தான். கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து, யார் வீட்டிலோ ஒரு கோப்பைக் காட்டிக் கேட்பது போல, சாதாரணமாகக் கேட்டார். முகத்தில் சவாலும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை. எங்கள் பக்கத்தில் பெண்ணிடம் கல்யாணத்தன்று சர்ச்சில் வைத்துக் கேட்பார்கள். வீட்டில் வாக்கு பேசுகிறபோது கேட்கிற வழக்கமில்லை. கம்ப்யூட்டர் பார்க்க வந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு போகக் கூடாதா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போதகர் மட்டும் உட்கார்ந்துவிட்டார். "கேக்க வேண்டியதுதான். சொல்லும்மா" என்றார்.

ஷைனி எழுந்து நின்றாள். "எனக்கு இவியள பிடிச்சிருக்கு. ஆனா எம்.எஸ்சி. முடிச்சிட்டுத்தான்" என்றாள். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. மாப்பிள்ளைப் பையன் தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்ததை நான் பார்த்தேன்.

பெரியப்பா விசிறுவதை நிறுத்தினார். "மே மாசம்னு பேசினதாக்குமே?" என்று என்னைக் கேட்டார். பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. 'சின்னப் பிள்ள, தெரியாம சொல்லுகா. மே மாசம்தான்' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஷைனியும் அதற்குமேல் பேசியிருக்க மாட்டாள், அவளை அப்படித்தான் வளர்த்திருந்தேன். அவள் நின்ற இடத்தைப் பார்த்தேன். அவளுக்கு எந்தப் பள்ளிக்கூடம், எந்தப் பாடம், எந்தச் சேலை, எந்த மாப்பிள்ளை என்று எல்லாவற்றையும் நான் சொல்லியிருக்கிறேன். ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. ஊரில் ஒவ்வொருவரிடமும் கேட்கத் தெரிந்த ஒருத்தி முன்னால் எனக்கு அன்று அவமானமாக இருந்தது.

"எப்ப வைக்கலாம் மக்கா?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு எப்ப லீவு கிடைக்கும்னு கேளுங்கம்மா" என்றாள்.

எல்லோரும் திரையைப் பார்த்தோம். அங்கே அவர் இல்லை, வெறும் நாற்காலிதான் இருந்தது. கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாரோ என்று டீச்சரைப் பார்த்தேன், அவர் உதட்டில் விரல் வைத்துப் பொறுக்கச் சொன்னார். அங்கே சுவரில் தொங்கிய, அடுத்த வருஷமும் சேர்த்து அச்சடித்த காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு, என் வீட்டுக்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.